என் பெயரில் வந்தது

2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கும் ஒன்று கிடைத்தது. வீடு, நிலம், வண்டி எல்லாம் ஆண்கள் பெயரில் இருந்த எங்கள் வீட்டில், என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கொடுத்த முதல் பொருள் அது. ஆனாலும் அப்பா படம் பார்த்து, தம்பி விளையாடி முடித்து, நான் பாத்திரம் துலக்கிய பிறகே என் முறை வந்தது.

போன வருடம் அது நின்றுபோனது. விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். பழுதுபார்க்கும் கடையில், "வீட்ல ஆம்பளைங்க இருந்தா வரச் சொல்லும்மா" என்றார்கள். நான் ஸ்க்ரூடிரைவர் வாங்கி வந்தேன்.

சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தைப் போக்கினேன். ரேமை எடுத்து, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினேன். திரை வந்தது. பழுதான ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி வைத்து, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸை ஏற்றினேன்.

தையல் மெஷினைப் பிரித்து, நூல்பிசிறு எடுத்து, எண்ணெய் விட்டு ஓட்டும் அம்மாவை யாரும் மெக்கானிக் என்றதில்லை. அம்மா செய்ததைத்தான் நானும் செய்தேன். இப்போது என் முறைதான் முதலில், பாத்திரம் அப்புறம்.