சோழன்திட்டை வரை

பழையாற்றில் ஒரு ராத்திரி முழுக்க ஒற்றைக்குத் தெப்பத்தில் போக வேண்டும். போகிற வழியில் தூண்டில் போட வேண்டும். விடியும்போது ஒழுகினசேரியில் கரையேறி, சுசீந்திரத்துக்கு நடந்து, தேரிழுக்கிற கூட்டத்தில் சேர்ந்துவிட வேண்டும். எட்டாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்கு உட்கார்ந்து படித்த நாட்களில் என் மனம் படித்ததெல்லாம் இதைத்தான்.

மார்கழித் திருவாதிரையைத் தேர்ந்தெடுத்ததற்கு நிலாதான் காரணம். திருவாதிரை பௌர்ணமியை ஒட்டி வரும். ஒன்பதாம் திருவிழா தேரோட்டம். அதற்கு முந்தின இரவு, பொழுது சாயுமுன்பே கிழக்கே நிலா ஏறியிருக்கும். விடியப் போகிற நேரத்தில்தான் மறையும். ஆறும் அப்போது தோதாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்த செங்கலங்கல் தெளிந்துவிடும். ஆனால் கும்பப்பூ நெல் வயலில் நிற்பதால் அணைத்தண்ணீரை அடைத்திருக்க மாட்டார்கள். பேச்சிப்பாறை அணையைத் திருவிதாங்கூர் அரசு 1906-இல் கட்டி முடித்தது. அந்தக் கோதையாற்றுத் தண்ணீர் தன்போக்கில் விட்டால் மேற்கே தேங்காப்பட்டணம் போய்க் கடலில் சேரும். அதைப் புத்தன் அணையில் மறித்து, பாண்டியன் கால் வழியாகப் பழையாற்றுக்குத் திருப்பியதால்தான் எங்கள் வயல்கள் இரண்டு பூ விளைந்தன. பள்ளிக்கூடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மார்கழியில் ஆற்றில் ஏன் தண்ணீர் ஓடுகிறது என்று நான் கேட்கப்போய், பாட்டா சொன்னது.

பாட்டாவிடம் போகாமல் திட்டம் நகராது. பூதப்பாண்டிக்குக் கீழே இருந்த எங்கள் ஊரில், மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரித் தண்ணீர் திருப்பப் போய்ப் போய் ஆற்றங்கரை முழுவதும் அவருக்குக் காலால் தெரியும்.

"ஒத்தைக்கா போப்போற?"

"ஆமா பாட்டா."

"அணை எத்தன இருக்குண்ணு தெரியுமாலே ஒனக்கு?"

தெரியாது. ஆறு என்றால் நேரே ஓடுவது என்றுதான் நினைத்திருந்தேன். பழையாறு அப்படிப்பட்ட ஆறல்ல. சுருளோட்டுப் பக்கத்து மலையில் பிறந்து மணக்குடிக் காயலில் சேர ஏறக்குறைய 37 கிலோமீட்டர். அதற்குள் அணைமேல் அணை. ஒவ்வொன்றிலிருந்தும் கால் பிரிந்து குளத்துக்கும் வயலுக்கும் போகும். வீரநாராயணமங்கலம் அணை, சபரி அணை, குமரி அணை, நான் கரையேறுமுன் கடைசியாகச் சோழன்திட்டை என்று பாட்டா சொல்லச் சொல்லக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அணைக்கு மேலே தண்ணீர் கட்டி நிற்கும், தெப்பம் அசையாது, கம்பு ஊன்றித்தான் போக வேண்டும். அணையைத் தாண்டினால் கொஞ்ச தூரம் இழுப்பு இருக்கும். தெப்பத்தைக் கரைக்கு இழுத்து, அணைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் மறுபடி இறக்க வேண்டும்.

"அணை கிட்டத்துல வந்தா எரச்சல் கேக்கும், கேட்டியா? எரச்சல் கேட்ட ஒடனே கரையப் பிடிச்சிரணும். நெலா வெளிச்சத்தை நம்பப்பிடாது, காதை நம்பணும்."

அதனால் தெப்பம் லேசாக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. குலை வெட்டிய பாளையங்கோட்டான் வாழைத்தடைகளில் ஆறேழை அடுக்குவதாக இருந்தேன். நான்கு போதும் என்றார் பாட்டா. அதற்குமேல் போனால் அணையில் என்னால் இழுத்து ஏற்ற முடியாது. வெட்டிய அன்றே கட்டக் கூடாது, தடையில் நீர் வடிய வேண்டும். மூங்கில் சிம்பைக் கூராக்கித் தடைகளின் குறுக்கே குத்திக் கோத்து, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கயிறு வரிந்து கட்ட வேண்டும்.

அம்மை கேட்டது வேறு.

"மார்கழி மாசம், தேர் பாக்கப் போறவன் மீனும் கொண்டா போவே? ஒனக்க அத்தை அண்ணைக்கு அடுப்புல மீன் ஏத்துவாளா?"

ஏற்ற மாட்டாள். இரண்டு நாள் இந்தக் கேள்வியோடு அலைந்தேன். பதில் மீனிடமே இருந்தது. தேளியும் வராலும் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை வாங்குகிற மீன்கள். பானையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் போட்டால் மறுநாளும் உயிரோடு கிடக்கும். திருவாதிரை கழிந்து அத்தை குழம்பு வைக்கலாம். அப்படித் தெப்பத்தின் நடுவில் ஒரு மண்பானைக்கு இடம் ஒதுங்கியது. பானையின் வாயைக் கட்ட ஒரு பழந்துணி, ஏனென்றால் வரால் துள்ளும். தேளியைப் பிடித்துக் கழற்ற இன்னொரு துணி, ஏனென்றால் அதன் செவுளோரத்து முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கை கடுக்கும். வடசேரி கனகமூலம் சந்தைக்குப் பாட்டாவோடு போய்த் தூண்டில் முள்ளும் தங்கூசியும் வாங்கினேன். வாழை மூட்டில் தோண்டிய மண்புழு ஈரமண்ணோடு சிரட்டையில் இருந்தது. தேருக்குப் போடவேண்டிய சட்டை முன்கூட்டியே அத்தை வீட்டுக்குப் போய்விட்டது.

இன்று அந்த ஆற்றின் பல இடங்களில் ஆகாயத்தாமரை கரையோடு கரை மூடிக்கிடக்கிறது. நாகர்கோவில் நகரத்தின் சாக்கடை அதில் கலக்கிறது. பாலத்தில் நின்று பார்க்கும்போது எனக்கு வருவது ஏக்கம் இல்லை, கோபம்தான். ஒரு பிள்ளை இறங்கிப் போகக்கூடிய ஆற்றை நாம் வைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த மார்கழியில் திட்டப்படியே போனேன். வீரநாராயணமங்கலம் அணையில் தெப்பத்தை இழுத்தபோது கரையில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த ஒருவர், "எலே, நீ அவருக்க பேரன்லா?" என்று பாட்டா பெயரைச் சொல்லி ஒரு கை கொடுத்தார். சபரி அணைக்கு மேலே கட்டிநின்ற தண்ணீரில்தான் மீன் கடித்தது. தேளிதான் முதலில். சுடலைமாடன் கோயில் இருந்த வளைவில் தூண்டில் போடவேண்டாம் என்று முன்பே நோட்டில் எழுதியிருந்தேன், போடவில்லை. விடியற்காலைக் குளிரில் குமரி அணையைத் தாண்டினேன். சோழன்திட்டை இரைச்சல் கேட்டபோது கிழக்கு வெளுத்திருந்தது. கரையேறி அத்தை வீட்டுக்குப் போனதும், அவள் பானைக்குள் எட்டிப்பார்த்து, கிணற்றடியில் கொண்டு வைக்கச் சொன்னாள்.

தேர் பார்த்துத் திரும்பிய அன்றே அடுத்த வருஷத்துக்கு நோட்டில் மணக்குடி என்று எழுதினேன். சுசீந்திரத்துக்குக் கீழே ஆறு வேறு. காயலில் உப்புத்தண்ணீர் ஏறும், பொழி திறந்திருந்தால் கடல் இழுக்கும், வாழைத்தடைத் தெப்பம் அங்கே தாங்குமா என்பதே கேள்வி. மடவைக்கும் கரிமீனுக்கும் மண்புழு போதுமா என்பது இன்னொரு கேள்வி. பாட்டா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அதெல்லாம் தனக்குத் தெரியாது, காயலில் வலை வீசுகிறவர்களைக் கேட்க வேண்டும் என்றார். தை பிறந்ததும் இருவரும் மணக்குடி பஸ்ஸில் ஏறினோம்.