பாரிசில் ஓர் இரவு

இரவு என்றதும் வாலாஜாபாத்தினராகிய எங்களுக்கு நினைவில் எழுவன, ஒரகடத்து ஆலைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகளே. பாரிசு சென்றபோது வேறோர் இரவைக் காண விழைந்தோம்.

குளிர்கால மாலையில் பாரிசின் பெரிய பள்ளிவாசலில் மஃரிபு தொழுதோம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களின் நினைவைத் தாங்கி, 1926இல் திறக்கப்பட்டது அப்பள்ளி. அதன் 33 மீட்டர் மினாராவை அண்ணாந்து நோக்கி நெகிழ்ந்தோம்.

அங்கிருந்து லா சப்பல் பகுதிக்குச் சென்றோம். கடைதோறும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்! எங்களருகே அமர்ந்து உண்ட யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர், உணவகமொன்றில் பாத்திரம் கழுவும் பணிக்கு விரைந்துகொண்டிருந்தார். ஈபெல் கோபுரத்தின் இரவழகைப் பற்றி வினவினோம். "வந்து பன்னிரண்டு வருசம், தம்பி. அது மின்னுறதை நிண்டு பாக்க இன்னும் நேரம் கிடைக்கேல்லை" என்று சிரித்தார்.

சேன் ஆற்றங்கரையை அடைந்தோம். 1889இல் எழுந்த அக்கோபுரம், மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் 20,000 விளக்குகளால் மின்னியது. சுற்றிலும் ஆரவாரம், உணவகங்களில் இசையும் சிரிப்பும். எங்கள் கண்களிலோ, அடுக்களை நீரில் ஊறும் அந்தக் கைகளே நின்றன.

ஊர் திரும்பிய பின்னர், நள்ளிரவில் ஆலைப் பேருந்து கடக்கும்போதெல்லாம் அவரை எண்ணுகிறோம். உலகின் இரவுகள் ஒளிர்வது, உறங்காத கைகளால் அன்றோ!