வைத்திக்குப்பத்து வெயிலும் கொடித் துணியும்

புதுவை நகரைச் சுற்றியோடும் புல்வார்களுள் வடக்கே அமைந்த சர்தார் வல்லபாய் பட்டேல் சாலையைக் கடந்து கடலோரமாக நடப்பவர், முதலில் குருசுக்குப்பத்தையும், அதனை அடுத்து வைத்திக்குப்பத்தையும் காண்பார். தெற்கே நேர்க்கோடிட்ட தெருக்கள், வெண்ணிற மதில்கள், பிரெஞ்சுப் பெயர் தாங்கிய பலகைகள். வடக்கே நெருங்கிய வீடுகள், குறுகிய சந்துகள், வலைக்குவியல்கள், மீன் வாடை. சிறிது தூரம் நடப்பதற்குள் இரண்டு உலகங்களைக் கண்டுவிடலாம்.

மாசி மகத்தன்று இவ்வூருக்குப் பெருங்கூட்டம் திரளும். மயிலம், திண்டிவனம் முதலிய ஊர்களிலிருந்து இந்துச் சகோதரர்கள் தங்கள் உற்சவ மூர்த்திகளைக் கொணர்ந்து இக்கடற்கரையில் தீர்த்தவாரி நடத்துவர். மற்ற நாட்களில் இது அமைதியான மீனவர் குப்பமே. விடியற்காலையில் படகுகள் போகும். முற்பகலில் வந்து சேரும். அதன்பின் குப்பத்துப் பெண்கள் செய்யும் முதல் வேலைகளுள் ஒன்று, துவைத்த துணியை வெயிலில் போடுவது.

எளிய வேலைதானே, இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். அண்மைக் காலத்தில் துணி உலர்த்துவதும் சட்டதிட்டங்களுக்கு உட்பட்ட செயலாகிவிட்டது என்பதே நம்மை எழுதத் தூண்டியது.

மாடியில் வந்த சுற்றறிக்கை

நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று, நகரின் வடபகுதியில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியேறியது. கைக்குழந்தையுள்ள குடும்பம். மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டிய ஒரு வாரத்தில், குடியிருப்போர் சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தெருப்பக்கத்துப் பால்கனியில் துணி காயப்போடலாகாது; மீறினால் அபராதம். மொட்டை மாடிக்குப் போகலாமென்றால், தண்ணீர்த் தொட்டியின் பாதுகாப்பைக் கருதி அதன் கதவுக்குப் பூட்டு. குழந்தையின் துணிகளை வீட்டுக்குள் மின்விசிறியின் கீழே உலர்த்தினார்கள். அவை ஈரநாற்றம் நீங்காமல் நாட்கணக்கில் தொங்கின.

அத்துடன் நிற்கவில்லை. எதிரே குப்பத்துச் சந்தில் வீட்டுக்கு வீடு கட்டியிருந்த கொடிகளும் சிலர் கண்ணை உறுத்தின. “விருந்தினர் வரும் பாதையில் இப்படித் தொங்கினால் நன்றாகவா இருக்கிறது?” என்று ஒருவர் நம்மிடமே கேட்டார். அவரை நாம் குறைகூற மாட்டோம். தம் வீட்டு வாசல் தூய்மையாக இருக்கவேண்டும் என்னும் ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆயினும் எதிர்த் தரப்பையும் கேட்பது முறையன்றோ? ஆகவே நாம் அச்சந்துக்குள் நடந்தோம்.

மணல் இருந்த காலம்

வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், “ஏனம்மா, வழியில் கயிறு கட்டியிருக்கிறீர்களே, கடற்கரையில் உலர்த்தக் கூடாதா?” என்று வினவினோம்.

அவர் சிரித்தார். “கரை எங்க சாமி இருக்குது? கல்லுதானே இருக்குது. நான் கண்ணாலம் ஆகி வந்தப்ப அம்மாம் பெரிய மணலு. வலை ஒரு பக்கம், கருவாடு ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். சந்துல கயிறு கட்டுற வேலையே இல்ல. இப்ப கல்லு மேல போட்டா அலை தூக்கிட்டுப் போவுது.”

இச்சொற்களில் புதுவைக் கரையின் அண்மைக்கால வரலாறே அடங்கியிருக்கிறது. 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. இக்கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது இயற்கை. சுவர்கள் அம்மணலை வழிமறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கடல் கரையை அரித்தது. அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். பாறை முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கவே, மேலும் வடக்கே பாறை கொட்ட நேர்ந்தது. இவ்வாறு நகரத்தின் கடற்கரைச் சாலையில் தொடங்கிய கற்சுவர், படிப்படியாகக் குப்பங்களின் வாசல்வரை வந்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, இக்கற்சுவர் நகருக்கு அரணாக நின்றதென்பதையும் மறப்பதற்கில்லை. தலைமைச் செயலகத்தை ஒட்டிய பகுதியில் 2018ஆம் ஆண்டளவில் கடலுக்குள் அமைக்கப்பட்ட செயற்கைத் திட்டினால், அங்கே மணல் மீண்டும் சேர்ந்து மக்கள் கால் நனைக்கிறார்கள். ஆனால் மூதாட்டி கண்ட அகன்ற மணல்வெளி அவர் வாசலுக்குத் திரும்பவில்லை. அவர் தெருவை ஆக்கிரமித்தவர் அல்லர், கரையை இழந்தவர்.

ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். புதுவையின் பழைய வீடுகளில் துணி உலர்த்துவது ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. தமிழர் தெருக்களில் திண்ணையும் தாழ்வாரமும் கடந்து உள்ளே சென்றால் முற்றம் இருக்கும், வானம் தெரியும், கொடி கட்டலாம். பிரெஞ்சுக்காரர் வீடுகளில் உயர்ந்த மதிலுக்குப் பின்னே தோட்டம் இருக்கும். மீனவருக்கோ முற்றமும் தோட்டமும் மணற்கரையே. அவரவர் துணி அவரவர் இடத்தில் உலர்ந்தது. விதி வகுக்கும் தேவை எழவில்லை. முற்றமில்லாத வீடுகளும் மணலில்லாத கரையும் ஏற்பட்ட பிறகே, துணி தெருவின் பார்வைக்கு வந்தது. தெருவின் பார்வையும் துணியின்மேல் விழுந்தது.

துணியால் வாழ்ந்த ஊர்

புதுவைக்கும் துணிக்கும் உள்ள உறவு நெடிது. பிரெஞ்சுக்காரர் ‘கினே’ என்றழைத்த நீலநிறப் பருத்தித் துணி இவ்வூரின் பெயரைக் கடல் கடந்து கொண்டுசென்றது. ஆப்பிரிக்காவின் செனெகல் ஆற்றங்கரையில் அத்துணியைக் கொடுத்து அரபுப் பிசினை வாங்கினார்கள். அவுரிச் சாயத்தின் இயல்பு வியப்பானது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் படப்பட நீலமாக மாறும். ஆகவே சாயத்தொழிலுக்குத் தொட்டி எவ்வளவு இன்றியமையாததோ, காற்றோட்டமும் அவ்வளவு இன்றியமையாதது. கோடித் துணியை வெளுப்பதற்கும் வெயில் வேண்டும். பின்னர் ஆலைகள் வந்தன. 1898இல் தோன்றிய ரோடியர் ஆலை தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களுக்குச் சோறளித்து, 2020இல் மூடப்பட்டது. திறந்த வெளியில் துணி உலர்ந்ததால் செழித்த ஊரில், இன்று ஒரு வேட்டி காற்றில் ஆடுவது அழகுக் குறைவு என்று எண்ணப்படுவது காலத்தின் கோலம் எனலாம்.

பிற நாடுகளில்

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டில் பல அடுக்குமாடிகளின் கூட்டுடைமை விதிகள், சன்னலிலும் பால்கனியிலும் துணி தொங்கவிடுவதைத் தடுக்கின்றன. பாரீசின் புறநகர்களில் குடியேறிய நம் புதுவைக் குடும்பங்கள் இதனை நன்கறியும்.

சிங்கப்பூரில் வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கப்பெற்றது. அது கட்டிய வீடுகளில், சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கிற் கழிகளைச் செருகுவதற்கென்றே குழாய்கள் பொருத்தப்பட்டிருந்தன. கழி தவறி விழுந்தால் கீழே செல்வோருக்கு ஆபத்து. கீழ்வீட்டாரின் உலர்ந்த துணிமேல் நீர் சொட்டினாலோ சச்சரவு. ஆயினும் துணி உலர்த்தாதீர் என்று அங்கே சொல்லிவிடவில்லை. பிற்காலத்தில் பாதுகாப்பான தாங்கிகளை அமைத்தார்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. கொடி கட்டினால் பக்கத்து வீட்டின் விலை குறையும் என்று கருதிய குடியிருப்போர் சங்கங்கள், தோட்டத்தில் கொடி கட்டுவதையே தடைசெய்தன. பெரும்பாலோர் மின்னுலர்த்தியை நாடினர். பின்னர் எதிர்ப்பு எழுந்தது. ஃபுளோரிடா மாநிலம் 1980இலேயே, கொடி கட்டுவதைத் தடுக்கும் விதிகள் செல்லாதவாறு சட்டம் செய்தது. வெர்மான்ட் மாநிலம் 2009இல் அவ்வாறே செய்தது. நம் ஈழத்தமிழ்ச் சகோதரர் பெருவாரியாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், 2008இல் தனி வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் கொடிகட்டும் உரிமையை மீட்டளித்தது. மின்சாரத்தைச் சேமிக்கவேண்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். வெயில் அரிதாகக் கிடைக்கும் நாட்டினர் அதனைச் சட்டமியற்றிக் காக்கும்போது, ஆண்டெல்லாம் வெயில் காயும் நாம் அதனை விதியெழுதித் தள்ளிவைப்பது பொருந்துமா?

நம் அண்டை மாநிலத்திலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. கொச்சிக் கோட்டைப் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுப்பதற்காக அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழியினர் இன்றும் வாழ்கின்றனர். அங்கே 1976இல் அவர்களுக்கென்று துவைக்கும் அறைகளும் உலர்த்தும் வெளியும் கொண்ட வளாகம் ஒன்று கட்டித் தரப்பட்டது. இரட்டைப் புரியாக முறுக்கிய கயிற்றில் துணியின் நுனியைச் செருகிவிடுவர், கிளிப் தேவையில்லை. இடம் ஒதுக்கினால் ஒழுங்கு தானே வரும் என்பதற்கு அவ்வெளி சான்று.

வெயிலின் மருத்துவம்

அழகைப் பற்றிப் பேசுவோர் உடல்நலத்தையும் எண்ணவேண்டும். கதிரவனின் புறஊதாக் கதிர்கள் கிருமிகள் பலவற்றை அழிக்கவல்லவை. அடைத்த அறைக்குள் ஈரத்துணி உலர்ந்தால், அந்த ஈரமெல்லாம் சுவரிலும் மெத்தையிலும் தங்கும், பூஞ்சை படரும், ஆஸ்துமா உள்ளவர்க்குத் துன்பம் பெருகும்.

தாய்மார் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்லவேண்டியுள்ளது. மாதவிலக்கின்போது துணி பயன்படுத்தும் ஏழைப் பெண்கள், அதனைச் சோப்பிட்டு அலசி நல்ல வெயிலில் உலர்த்தவேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். நாணத்தால் மறைவிடத்தில் ஈரமாகவே வைத்துப் பயன்படுத்துவதால் நோய்த்தொற்று உண்டாகிறது. துணி வெளியில் தெரிவதே அவமானம் என்று நாம் விதி செய்யும்போது, அந்த நாணத்திற்கு மேலும் ஒரு பூட்டுப் போடுகிறோம். நம் பெண்மக்களின் நலத்தைவிட ஒரு கட்டடத்தின் முகப்பு பெரிதாகாது.

இருவகை விரிப்பு

மூதாட்டியின் வீட்டைக் கடந்து கற்சுவர் மீது நின்றபோது, எசேக்கியேல் இறைவாக்கினர் நம் நினைவுக்கு வந்தார். வலை உலர்த்தும் இடத்தைப் பற்றி அவர் நூலில் இருமுறை படிக்கிறோம். 26ஆம் அதிகாரத்தில், செருக்குற்ற தீர் நகரம் அழிந்து வெறும் பாறையாகி, வலை விரிக்கும் இடமாகும் என்று தண்டனையாகக் கூறுகிறார். 47ஆம் அதிகாரத்திலோ, ஆலயத்திலிருந்து புறப்பட்ட நீரால் சாக்கடல் உயிர் பெற, அதன் கரையில் மீனவர் வலை விரிப்பதை ஆசீராகக் காட்டுகிறார். செயல் ஒன்றே. செல்வ நகருக்கு அது வீழ்ச்சியின் அடையாளமாகத் தெரிகிறது. உழைக்கும் மக்களுக்கு அதுவே வாழ்வின் அடையாளம்.

வைத்திக்குப்பத்திலும் அவ்வாறே. பருத்தி வலைகளைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து நாள்தோறும் உலர்த்திய காலம் போய், மட்காத நைலான் வலை வந்துவிட்டது. ஆனால் கடலுக்குப் போய் வந்தவனின் உப்பேறிய உடையை நல்ல நீரில் அலசி உலர்த்தாமல் மறுநாள் உடுத்த முடியுமா? மாற்றுடை மிகுதியாக உள்ளவர்க்குத் துணி நாளை உலர்ந்தாலும் போதும். இரண்டே உடை உள்ளவர்க்கு இன்றே உலரவேண்டும்.

செய்யத்தக்கவை

மேற்சொன்ன அடுக்குமாடியில் நடந்ததைச் சொல்லி முடிப்போம். அக்கைக்குழந்தையின் பாட்டியார் சண்டைக்குப் போகவில்லை. மற்ற வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு சங்கத்தாரிடம் சென்று, “பால்கனியில் வேண்டாமென்றால் மாடிச் சாவியைக் கொடுங்கள்” என்று கேட்டார். தொட்டியைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, காலை முதல் மாலை வரை மாடியைத் திறந்துவைக்கவும், வீட்டுக்கு ஒரு கொடி என்று பிரித்துக்கொள்ளவும் இசைந்தார்கள். எதிர்ச் சந்தில், வழிப்போக்கர் தலையில் இடிக்காதபடி கயிற்றை உயர்த்திக் கட்டக் குப்பத்தாரும் ஒப்பினர். இரு தரப்பும் சிறிது விட்டுக்கொடுத்தால் தீராத வழக்கு இதுவன்று.

நம் குடும்பங்களுள் பல இன்று அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. சிலர் சங்கங்களில் பொறுப்பும் வகிக்கின்றனர். அவர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே: ஒன்றைத் தடுக்கும் விதியை எழுதுமுன், அதற்கு மாற்று இடம் காட்டியிருக்கிறோமா என்று பாருங்கள். வீடு கட்டுவோர், வரைபடத்திலேயே வெயில் படும் ஓர் இடத்தைத் துணிக்கென ஒதுக்குங்கள். மேல்வீட்டார், நன்றாகப் பிழிந்து, கீழ்வீட்டார்மேல் சொட்டாதபடி உலர்த்துங்கள். குப்பத்து வழியாகச் செல்கையில் தலைக்கு மேலே ஈரப்புடவை ஒன்று ஆடக் கண்டால், முகஞ்சுளிக்காமல் சற்றே குனிந்து செல்லுங்கள். விடியுமுன் எழுந்து துவைத்த ஒரு தாயின் உழைப்பு அங்கே வெயில் காய்கிறது.