பிரிக்கிற வேலை

"ஆர்.சி. புக் இருக்கா சார்?"

வண்டியில் இருக்கிற திருட்டு அலாரத்தைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கடைக்கார பாய் கேட்ட முதல் கேள்வி இது. அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சீட் கவர், ஸ்பீக்கர், ஹாரன் என்று கார் அலங்காரக் கடைகள் வரிசையாக இருக்கும். கடைக்குள் கார் நுழையாது. தெருவோரமே பட்டறை. ஆர்.சி.யையும் என் லைசென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மாட்டச் சொல்லி யார் வந்தாலும் மாட்டிடுவோம். கழட்டச் சொன்னாதான் கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நாலு கடை ஏறி இறங்கியிருந்தேன். மற்ற யாரும் கேட்கவில்லை.

கார் நான் இரண்டாம் கையாக வாங்கியது. அலாரத்தைப் பூட்டியவர் முந்தைய உரிமையாளர். பூனை பானெட்டில் குதித்தால் அலறும். இடி இடித்தால் அலறும். தீபாவளி வாரம் முழுக்க அலறியது. எதிர்வீட்டுப் பெரியவர், "தம்பி, கார் திருடு போனாக்கூட இவ்ளோ கஷ்டம் இருக்காது" என்றார். அதோடு, நாலு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுக்காது. புது பேட்டரி போட்டும் அதே கதை. ஒருமுறை கத்திப்பாரா பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் தானாக அணைந்து, பின்னால் வந்த பஸ் டிரைவரின் வாயிலிருந்து என் பரம்பரையே தப்பவில்லை. பெட்ரோல் பம்ப்தான் கோளாறு என்று ஒரு மெக்கானிக் சொல்ல, அதையும் மாற்றினேன்.

பாய் முதலில் பானெட்டைத் திறந்து சைரனைத் தேடினார். சில சைரன்களுக்கு உள்ளேயே சொந்த பேட்டரி உண்டு. வண்டி பேட்டரியைக் கழற்றினால் திருடன் கழற்றுகிறான் என்று நினைத்துக் கத்தும். அதை அடக்க ஒரு சின்னச் சாவி இருக்க வேண்டும். என்னிடம் இல்லை. "சரி, கத்தட்டும்" என்று கப்ளரைப் பிடுங்கினார். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உதவிக்கு இருந்த பையன் சைரனைப் பழைய சீட் ஃபோமில் சுருட்டி, அழுகிற குழந்தையை எடுத்துப் போவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் ஓடினான். இரண்டு நிமிடத்தில் சத்தம் நின்றது.

அடுத்தது மீட்டர். பேட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரைக் கோத்தார். "இப்ப யாரும் சாவியைத் தொடாதீங்க. செல்ஃப் அடிச்சா மீட்டர் பியூஸ் போயிரும்." உடனே அளவைப் பார்க்கவில்லை. கதவுகளைச் சாத்திவிட்டு, "வண்டி தூங்கட்டும்" என்று டீ சொன்னார். டீ குடித்துவிட்டுப் பார்த்தால் 0.31 ஆம்பியர். அலாரத்தின் பியூஸை உருவியதும் 0.02-க்கு இறங்கியது. எந்தக் காருக்கும் இந்த இரண்டாவது அளவு சகஜம். முதல் அளவு அப்படியில்லை: ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர்-மணிக்கு மேல் போகிறது. என் பேட்டரியே 35. நாலு நாள் கணக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

பிறகுதான் உண்மையான வேலை. பாய் கால்களை வெளியே நீட்டி, தலையை பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் கொடுத்துப் படுத்தார். ஸ்டீரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து பதினைந்து பதினாறு ஒயர்கள். வெட்டி எறிந்தால் ஐந்து நிமிட வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் கட்டரையே எடுக்கவில்லை. ஒவ்வொரு ஒயராக விரலால் நீவிக்கொண்டே போய், வண்டியின் ஒயரிங்கில் அது எங்கே கடித்திருக்கிறது என்று பார்த்தார். இது இண்டிகேட்டர். இது கதவு சுவிட்ச். இது எர்த். மஞ்சள் கப்ளர் வந்த இடத்தில் கையை இழுத்துக்கொண்டார். அது ஏர்பேக். அந்தப் பக்கம் மீட்டரைக்கூடக் கொண்டுபோவதில்லையாம். பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பையும், கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் வந்ததிலிருந்து பெட்டியில் போட்டுவிட்டார்.

"மாட்டுறவனுக்கு அவன் வேலை மட்டும் தெரிஞ்சாப் போதும். பிரிக்கிறவனுக்கு ரெண்டு பேர் வேலையும் தெரியணும். கம்பெனிக்காரன் என்ன பண்ணினான், நடுவுல இவன் என்ன பண்ணினான்."

பழைய இன்சுலேஷன் டேப் சென்னை வெயிலில் உருகி, பாகு மாதிரி விரலில் இழுத்தது. அதை உரித்ததும் பாய் "வாங்க, பாருங்க" என்று கூப்பிட்டார். நானும் பாதி உடம்பை உள்ளே விட்டேன். சாவியிலிருந்து வரும் இக்னிஷன் ஒயரை வெட்டி, நடுவே அலாரத்தின் ரிலேயைச் சேர்த்திருந்தார்கள். பற்றவைக்கவில்லை, வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன. சூட்டில் மேலுறை பழுப்பாகிச் சுருண்டிருந்தது. ஏழெட்டு இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. "பாலத்துல நின்னுச்சுன்னீங்களே, இங்கதான் நின்னிருக்கும்." செல்ஃப் ஒயரை மட்டும் வெட்டிக் கோத்திருந்தால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான், ஓடுகிற வண்டி நிற்காது என்றார். பெட்ரோல் பம்புக்குக் கொடுத்த காசை மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

கெட்ட செம்பை வெட்டி, பளபளக்கும் வரை சுரண்டி, ஸ்லீவை முதலில் கோத்துக்கொண்டார். (மறந்துவிட்டால் பற்றவைத்ததை மறுபடி வெட்ட வேண்டும். பையன் அப்படி எத்தனை முறை வெட்டியிருக்கிறான் என்று சிரித்தார்.) சால்டரிங் அயர்ன் தொட்டதும் ஈயம் இழைகளுக்குள் தண்ணீர்போல இறங்கியது. லைட்டரை ஸ்லீவுக்குக் கீழே காட்ட, அது சுருங்கி ஒயரோடு ஒட்டிக்கொண்டது. மற்ற ஒட்டுகளுக்கும் இதே மரியாதை. சென்ட்ரல் லாக்குக்குத் தனிப் பெட்டி இருந்ததால் அதை அப்படியே விட்டார். ரிமோட் இல்லை, சாவி போட்டால் நாலு கதவும் பூட்டும்.

"அப்ப வண்டிக்குப் பாதுகாப்பு?" என்றேன். என் சாவியை வாங்கி அதன் கறுப்புத் தலையைத் தட்டிக் காட்டினார். உள்ளே சிப் இருக்கிறது. சாவித் துளையைச் சுற்றி ஒரு காயில் வளையம். அது சிப்பைப் படித்து கம்ப்யூட்டரிடம் சொன்னால்தான் எஞ்சின் ஓடும். வண்டியோடு பிறந்த அந்த இம்மொபிலைசரை அவர் தொடுவதில்லை; யார் கேட்டாலும் தொடமாட்டாராம்.

இன்ஷூரன்ஸில் தள்ளுபடி வாங்கியிருக்கிறேனா என்றும் கேட்டார். 2002 மோட்டார் டாரிஃபில், புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவி இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் குறையும் என்று இருந்தது. வாங்கியிருந்தால் கழற்றியதைச் சொல்லிவிட வேண்டும். செல்போனில் பாலிசியைப் பார்த்தேன். அந்தத் தள்ளுபடி இல்லை. இத்தனை நாள் அலறியதற்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

மூன்று மணி நேரம், 1,200 ரூபாய். கழற்றியதை ஒரு கேரி பேக்கில் போட்டுக் கையில் கொடுத்தார். மீட்டர் 0.02 காட்டியது. டேஷ்போர்டில் அலாரத்தின் சிவப்பு விளக்கு இருந்த இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை.

"தானா மினுக்குற பல்பு ஒண்ணு இருக்கு. போட்டு விடவா சார்? கரண்ட் ஒண்ணும் இழுக்காது."

போடச் சொன்னேன். இப்போது இரவில் மாடியிலிருந்து பார்த்தால், ஒன்றுமே இல்லாத அலாரம் மினுக்கிக்கொண்டிருக்கிறது. பூனை பானெட்டில் படுத்துத் தூங்குகிறது.