பார்னபி வராத வீடு

நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இரண்டு கொலையாவது விழும்.

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு சின்ன ஊர். மாத்திரை கொடுத்து முடித்து, சக்கர நாற்காலிகளைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது டிவியில் ‘மிட்சோமர் மர்டர்ஸ்’ மறுஒளிபரப்பு தொடங்கியிருக்கும். முதலில் அந்தத் தலைப்பிசை. தெரமின் என்கிற, கையால் தொடாமலே வாசிக்கும் வாத்தியம். ஆவி ஒன்று பாட்டு கற்றுக்கொள்கிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டதும் எட்டாம் அறை அம்மா கண்ணைத் திறப்பார். 91 வயது. “உட்காரு. இன்னிக்குப் பாதிரியார்தான் கொலைகாரன், பாத்துக்கோ” என்பார். எல்லா நாளும் பாதிரியார்தான். எப்போதாவது பலிக்கும்.

கரோலின் கிரஹாம் 1987இல் எழுதிய நாவலிலிருந்து பிறந்த தொடர் இது. 1997இல் ஐடிவியில் முதல் கதை வந்தது. கூரை வேய்ந்த வீடுகள், ரோஜாத் தோட்டம், தேவாலய மணி. அதற்குள் விஷம், வில் அம்பு, ஒரு கதையில் பாலாடைக்கட்டிச் சக்கரம்கூட. இவ்வளவு அழகான ஊரில் இவ்வளவு வன்மமா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூணு தலைமுறையாக வேலித் தகராறு நடக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு, அப்புறம் அது ஆச்சரியமாகவே இல்லை.

ஒரு விடுமுறை நாளில் பஸ் பிடித்து வாலிங்ஃபோர்டு போனேன். தொடரில் வரும் காஸ்டன் நகரம் அதுதான். அகதா கிறிஸ்டி அங்கேதான் வாழ்ந்து 1976இல் இறந்தார். பக்கத்துச் சோல்ஸி தேவாலயத்தில் அவர் கல்லறை. திரையில் பார்த்த அதே சதுக்கத்தில் நின்றேன். யாரும் என்னை முறைக்கவில்லை. ஆனாலும், படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டது போலக் கூச்சமாக இருந்தது.

அந்தக் கூச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2011இல் தொடரின் தயாரிப்பாளர் பிரையன் ட்ரூ-மே ஒரு பேட்டியில், மற்ற இனத்தவர் வந்தால் அது ஆங்கிலக் கிராமமாக இருக்காது என்ற பொருளில் பேசினார். பெரிய சர்ச்சை. அவரை இடைநீக்கம் செய்தார்கள். பிறகு தொடரை விட்டு விலகினார். பின்னால் வந்த கதைகளில் முகங்கள் கொஞ்சம் மாறின. ஆனால் எங்கள் கூடத்தில் ஓடியதெல்லாம் பெரும்பாலும் பழைய கதைகள். டிவிக்குள் ஒரு பழுப்பு முகம்கூட இல்லை. டிவிக்கு இந்தப் பக்கம், தேநீர்க் கோப்பை பிடித்துக்கொண்டிருந்த கைகளில் பாதி எங்களுடையவை.

எட்டாம் அறை அம்மா ஒரு பிப்ரவரி விடியற்காலையில் போய்விட்டார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் படுக்கை விரிப்பு மாறியது, வாரக் கடைசியில் அந்த அறைக்கு வேறொருவர் வந்தார். தப்பு யாரும் செய்யவில்லை. வயசு ஆச்சு, போனாங்க. அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தத் தொடர் ஏன் பிடித்தது என்று புரிந்தது. மிட்சோமரில் யாரும் சும்மா சாவதில்லை. ஒருவர் செத்தால் பார்னபி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? என்ன பேசினார்? யார் மேல் கோபம்? எத்தனை அற்பமான ஆளாக இருந்தாலும், செத்த பிறகு ஒன்றரை மணி நேரம் ஊரே அவரைப் பற்றிப் பேசும்.

என் கதவை யாரும் தட்டவில்லை. தட்டியிருந்தால் சொல்லியிருப்பேன்: தேநீருக்கு இரண்டு சர்க்கரை. சின்ன வயதில் தேவாலய மணி அடித்தவர். தங்கையோடு நாற்பது வருஷமாகப் பேச்சில்லை. காரணம் ஒரு அலமாரி. கடைசி ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாருன்னு கண்டுபிடிச்சாங்களா?” என்று கேட்டார்.

அன்றைய கதையை நான் பார்த்திருக்கவில்லை. “பாதிரியார்தாம்மா” என்றேன்.