அப்பா பார்க்காத துபாய்

பெட்டியைப் பூட்டப் போகும் நேரத்தில் அப்பா வந்து நின்றார். “குருமாப் பொடியில கசகசா போட்டிருக்கியா?”

அம்மா ஆமாம் என்றதும் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டார். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை. போதைப்பொருள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். முதன்முறை துபாய் போகிறவர்கள் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சில தூக்க மாத்திரைகள், வலி மாத்திரைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. டாக்டர் சீட்டோடு எடுத்துப் போவதுதான் நல்லது.

இவ்வளவும் தெரிந்த அப்பாவுக்கும் இது ஒருவகையில் முதல் பயணம்தான். 1991 முதல் 2009 வரை துபாயில் வேலை பார்த்தவர். நம் ஊரில் சென்ட்ரிங் என்போமே, கான்கிரீட் ஊற்றப் பலகை அடிப்பது, அதை அங்கே ஷட்டரிங் என்பார்கள். அந்த வேலை. ஆனால் ஊர் சுற்றிப் பார்க்கவென்று ஒருநாளும் போனதில்லை. அம்மாவோ விமானமே ஏறியதில்லை. குடும்ப விசா எடுப்பதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒரு கணக்கு உண்டு. அப்பாவின் சம்பளம் அதற்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை. கோடாலித் தைலமும் நிடோ பால் பவுடரும்தான் எங்கள் வீட்டுக்கு வந்த துபாய்.

கடந்த டிசம்பரில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேர் கிளம்பினோம். சென்னையிலிருந்து நாலு மணி நேரம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பிவைக்க வேண்டும். டிசம்பரில் வெயில் நம் ஊர் மார்கழி மாதிரி இதமாக இருக்கிறது. ஜூன், ஜூலையில் டிக்கெட் மலிவு என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். அந்த வெயிலைப் பற்றி அப்பாவிடம் கேட்க வேண்டும். இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அப்பா போன புதிதில் அதெல்லாம் கிடையாது.

கடற்கரைப் பக்கம் ஹோட்டல் எடுக்கலாம் என்றார் கணவர். அப்பா பிடிவாதமாக தேரா என்றார். பழைய துபாய், வாடகை குறைவு, இட்லி கிடைக்கும். மெட்ரோ ஸ்டேஷனும் பக்கத்திலேயே.

மெட்ரோவை அப்பா வாயைப் பிளந்து பார்த்தார். அவர் 2009 பிப்ரவரியில் ஊர் திரும்பியபோது தூண்கள் மட்டும்தான் நின்றனவாம். ரயில் ஓடத் தொடங்கியது அந்த வருடம் செப்டம்பரில். ஓட்டுநரே இல்லாத ரயில் என்பதால் முதல் பெட்டியின் கண்ணாடி முன் நிற்பதற்குத் தாத்தாவுக்கும் பேரனுக்கும் போட்டி. ஒரு நோல் கார்டு வாங்கிப் பணம் போட்டுவைத்தால் பஸ், மெட்ரோ இரண்டுக்கும் ஆகும். உள்ளே பிஸ்கட்கூடத் தின்னக் கூடாது, அபராதம். தரையில் இளஞ்சிவப்புக் கோடு போட்ட பகுதி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். அம்மாவோடு பேசிக்கொண்டே அப்பா அதைத் தாண்டிவிட, ஒரு பிலிப்பைன்ஸ் பெண் சிரித்துக்கொண்டே கோட்டைக் காட்டினார். அப்பாவின் 100 திர்ஹாம் தப்பியது.

புர்ஜ் கலீஃபாவை அப்பா கடைசிவரை ‘புர்ஜ் துபாய்’ என்றே சொன்னார். பேரன் திருத்தித் திருத்திக் களைத்துப்போனான். தப்பு அப்பா மேல் இல்லை. கட்டும்போது அதுதான் பெயர். 2010 ஜனவரி 4-ம் தேதி திறப்பு விழாவில்தான் பெயரை மாற்றினார்கள். 828 மீட்டர். லிஃப்ட் ஒரு நிமிடத்தில் 124-வது மாடிக்குக் கொண்டுவிடுகிறது. காது அடைத்துக்கொள்ளும். சூரியன் மறையும் நேரத்து டிக்கெட் விலை அதிகம். நாங்கள் காலையில் போனோம். முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.

எல்லோரும் கடல் பக்கம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அப்பா எதிர்த்திசையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அங்கே வெறும் புழுதி மூட்டம்தான் தெரிந்தது.

“என்ன பார்க்கிறீங்க?” என்றார் அம்மா.

“சோனாப்பூர் எந்தப் பக்கம்னு பார்க்கிறேன்.”

முஹைஸ்னா பகுதியில் இருக்கும் தொழிலாளர் முகாமுக்கு எல்லோரும் சொல்லும் பெயர் அது. இந்தியில் ‘தங்க ஊர்’. ஓர் அறையில் பத்துப் பேர் அடுக்குக் கட்டில்களில். அம்மா கொஞ்ச நேரம் அவரோடு நின்றார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை வந்தீங்க. வந்தா ரெண்டு மாசம். மொத்தம் எட்டுத் தடவை. பதினாறு மாசம்.”

அப்பா எதுவும் பேசவில்லை. இந்தக் கணக்கு அம்மாவிடம் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

பாலைவன சஃபாரி பிள்ளைகளுக்குப் பிடித்தது, எனக்கு வாந்தி. அதைவிடப் படகைச் சொல்ல வேண்டும். தேராவிலிருந்து பர்துபாய்க்குக் கழிமுகத்தைக் கடக்க அப்ரா என்ற மரப்படகு. ஒரு திர்ஹாம்தான். நடுவில் எஞ்சின், அதைச் சுற்றி வெளிப்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்துகொள்ள வேண்டும். கடல்காக்கைகள் கூடவே வரும். அம்மா நாலுமுறை போய் வந்தார். தங்கச் சந்தையில் நாலு நிமிடம்கூட நிற்கவில்லை.

பனியாஸ் சதுக்கம் அப்பாவுக்கு நாசர் ஸ்கொயர். அந்தக் காலத்தில் வெள்ளிதான் வார விடுமுறை. அன்று ஊர்க்காரர்கள் அங்கே கூடுவார்களாம். ஊரிலிருந்து யாராவது வந்திருந்தால் கடிதமும் ஊறுகாயும் கைமாறும். இப்போது வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது.

கடைசி நாள் மாலுக்கு என்று வைத்திருந்தோம். “ஒரு இடம் பார்த்துட்டுப் போயிடலாமா பாப்பா?” என்று அப்பா தயங்கிக் கேட்டார். பச்சை வழித்தடத்தில் அல் நஹ்தா ஸ்டேஷனில் இறங்கி இருபது நிமிடம் நடந்தோம். இரண்டுமுறை வழி தப்பியது. கடைசியில் ஒரு சாதாரண ஆறு மாடிக் கட்டடத்தின் முன் நின்றார். கீழே சலூன், ஒரு மளிகைக் கடை. 1998-ல் அவர் வேலை பார்த்த கட்டடம்.

அம்மா மாடிகளை விரலால் எண்ணினார். “இதுல எது நீங்க அடிச்சது?”

“காங்கிரீட் இறுகினதும் பலகையை எல்லாம் பிரிச்சு எடுத்துடுவோம். நாங்க அடிச்சது எதுவும் இருக்காது” என்றார் அப்பா, ஏதோ பாடம் சொல்வதுபோல.

அம்மா விடவில்லை. பக்கவாட்டில் கார் நிறுத்தும் இடத்துக்குள் போய்விட்டார். அங்கே பூச்சு இல்லாத தூண்கள். ஒரு தூணில் கோடு கோடாக, மர ரேகையோடு ஏதோ பதிந்திருந்தது.

“இது?”

அப்பா குனிந்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “ஆமா, பலகைத் தடம்தான்.”

காவலாளி வந்து இந்தியில் யார் வேண்டும் என்று கேட்டார். அப்பா ஏதோ சொன்னார். அவர் சிரித்துவிட்டு நாற்காலியை எடுத்து அம்மாவுக்குப் போட்டார். அன்று நாங்கள் மாலுக்குப் போகவில்லை.

அம்மாவின் வாட்ஸ்அப்பில் இப்போது முகப்புப் படம் அந்தத் தூண்தான். படம் மாறிவிட்டதா, போன் கெட்டுவிட்டதா என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள்.