பூட்டிய அறை

கனகம்மாசத்திரத்திற்கு அணித்தே, திருத்தணி செல்லும் சாலையில், நான் தமிழாசிரியனாய் இருந்த பள்ளியில் கைத்தொழில் அறை ஒன்று உண்டு. அத்தொழில் ஆசிரியர் ஓய்வுபெற்றபின் அவர் இடம் நிரப்பப்படவில்லை. சாவியும் இருப்புப் பதிவேடும் என்பால் வந்தன. ரம்பம், உளி, இழைப்புளி, தக்களி முதலியவற்றை ஆண்டுக்கொரு முறை எண்ணிப் பார்த்து மீண்டும் பூட்டிவிடுவேன். ஒன்று குறைந்தாலும் விடை கூற வேண்டியவன் நானன்றோ! பல்லாண்டுகள் ஒன்றும் குறையவில்லை. அதனைப் பெருமையாகவும் கருதினேன்.

ஒருநாள் நன்னூற் பாயிரம் நடத்திக்கொண்டிருந்தேன். நூல் என்னும் பெயரை விளக்குமிடத்து நூற்றல் தொழில் உவமையாக வரும். சொல்லே பஞ்சு, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே கை, மதியே கதிர். நான் சொல்லி முடித்ததும் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, மதி நிலவு, கதிர் வெயில். இரண்டும் எவ்வாறு ஒன்றாகும்?" என்று வினவினாள். வகுப்பு நகைத்தது, எனக்கு நகைப்பு வரவில்லை. ஆங்கு மதி என்றது அறிவை. கதிர் என்றது நூற்குங் கருவியின் கம்பியை. நெசவாளர் மிகுந்த இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் அதனைக் கண்டதில்லை. அதுவோ, நாற்பதடித் தொலைவில், என் பூட்டினுள் கிடந்தது.

மறுநாள் கதவைத் திறந்தேன். இளமையில் பள்ளியிலே தக்களி சுழற்றியவன் நான். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய மாநாட்டில் உருப்பெற்ற ஆதாரக் கல்வியின் எச்சம் அது. கைத்தொழிற் கல்வியைக் குலத்தொழிற் கல்வியென மயங்குவோர் உளர், அது பிழை. எவர் பிள்ளையும் எக்கருவியையும் எடுக்கலாம் என்பதன்றோ அதன் பொருள்! முறுக்குக் குறையின் இழை அறும், மிகின் சுருளும். என் இழையே மும்முறை அற்றது. வினவிய பெண் ஒரு சாண் நூற்றுவிட்டு, "கை தாழ்ந்தால் கதிர் நின்றுவிடுகிறது, ஐயா" என்றாள். செய்யுளுக்கு அதனினும் நல்ல உரையை நான் கூறியதில்லை.

மாணவர்களே, நடுவணரசு 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் வழியே, தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு 20 இலட்சம் ரூபாய் வரை வழங்கி, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ளோர் செய்து கற்கும் கூடங்களை அமைத்தது. முப்பரிமாண அச்சுப்பொறியும் உணரிகளும் ஆங்குள. அத்தகைய கூடத்திற்குச் செல்லின், முதற்கண் பூட்டையே நோக்குகிறேன்.

அவ்வாண்டு இருப்பை எண்ணியபோது தக்களி இரண்டு குறைந்தன. உளியொன்று முனை முறிந்திருந்தது. 'மாணவர் பயன்பாட்டில் தேய்ந்தன' என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன்.